ஆறாவது போர்ட் கூப்பிடுகிறது

மில்பரோ, கான்சாஸ்
18 ஏப்ரல் 1955

அதுக்குத்தான் கேக்குறேன் கார்லண்டு, மாமாவோட அடக்கத்துக்கு வர்றதுக்கு வழி தெரியாதவனுக்கு, அவரு செஞ்ச இன்ஜின் ஹெட்டைக் கேட்டு லெட்டர் போட மட்டும் எப்படிப்பா வழி தெரிஞ்சுது? பூவளையம் வந்துச்சு. அழகாத்தான் இருந்துச்சு. பூவளையத்துக்கு நான் காபி ஊத்திக் குடுக்க முடியுமா, சொல்லு.

நீ கேக்கலைன்னாலும் சொல்றேன். ஜனவரி பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை, இஸ்திரி போடுற நாளு. அப்படி ஒரு குளிரு, பம்புல தண்ணி உறைஞ்சு கெடந்துச்சு. உன் ஓரின் மாமா காலையிலயே ஷெட்டுக்குப் போயிட்டாரு. அந்தப் பெட்டி ஓடுற சத்தம் வீடு வரைக்கும் கேக்குது. அதான், பழைய வேக்கம் கிளீனர் மோட்டார் நாலைச் சேத்து அவரே செஞ்சாரே, ஹெட்டை மேல வச்சா, அதுல காத்து போற துளை, அதான் போர்ட்டு, அது வழியா காத்தை உள்ள இழுத்து, எவ்வளவு போகுதுன்னு கண்ணாடிக் குழாயில தண்ணி ஏத்திக் காட்டுமே, அதுதான்.

பத்தரை மணிக்கு விசில் வந்துச்சு. அவரு எப்பவும் ஊதுற மாதிரியே, ஒண்ணு தாழ, ஒண்ணு மேல. இருபத்தாறு வருஷமா அந்த ரெண்டு சத்தத்துக்கு எங்க வீட்டுல ஒரே அர்த்தம்தான், காபி. நான் இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சுட்டு காபி ஊத்தி எடுத்துட்டுப் போனேன். முக்காலியில உக்காந்து, ஆறாவது போர்ட்டுல காதை வச்சுச் சாஞ்சிருந்தாரு. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. "இந்தாங்க"ன்னு தோளைத் தொட்டேன்.

டாக்டர் வந்து பாத்துட்டு, "அம்மா, உயிர் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு"ன்னாரு.

அப்ப பத்தரைக்கு ஊதினது யாரு? போதகர் கிட்ட கேட்டேன். "துக்கத்துல காது அப்படித்தான் அல்மீடா"ங்குறாரு. துக்கமே தெரியாம நான் காலர் தேச்சுக்கிட்டு இருந்தேனே அப்ப?

ஹெட்டு ஷெட்டுலதான் இருக்கு. தர மாட்டேன். உன் அப்பா, அதான் என் தம்பி, உயிரோட இருந்திருந்தா அவனே கேக்க விட்டிருக்க மாட்டான்.

உனக்காக ஜெபம் பண்றதை மட்டும் நிறுத்தலை.
அத்தை அல்மீடா


பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிஃபோர்னியா
2 மே 1955

அன்புள்ள அத்தை,

அடக்கத்துக்கு வந்தேன்.

ஆயிரத்து நானூறு மைல் ஓட்டி வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே தானியக் கிடங்கின் நிழலில் வண்டியை நிறுத்தினேன். உங்கள் கறுப்புத் தொப்பி தெரிந்தது, நீங்கள் அதைக் காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கதவைத் திறக்க முடியவில்லை. எல்லோரும் போன பிறகு நானும் திரும்பிவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாம் கடைசியாக ஒன்றாகச் சாப்பிட்ட அந்த நன்றி அறிதல் நாள் விருந்தில் நான் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். "மாமா, உங்க போர்ட்டுல எலி போகும், காத்து போகாது." அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "காத்துக்குப் பெரிய வீடு வேணாம்டா, நேரான வழி வேணும்" என்றார். நான் பூசணி இனிப்பு வருவதற்குள் எழுந்து போய்விட்டேன்.

மூன்று வருஷமாக நான் என் பந்தய வண்டியின் ஹெட்டில் துளைகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். காற்றை அளக்கும் அளவுப் பெட்டியில் எண் ஏறியது. பந்தயம் ஓட்டும் உப்பு வெளியில் வேகம் ஏறவில்லை, மணிக்கு நூற்று எண்பத்தொரு மைலிலேயே நிற்கிறது. இப்போதுதான் புரிகிறது. அகலமான வழியில் காற்று சோம்பேறியாகிவிடுகிறது. வால்வுக்குச் சற்று முன்னால் வளையும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல், விலகிப் போய் அங்கேயே சுழல்கிறது. வால்வு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதி வாய்தான் வேலை செய்கிறது.

என் ஆறு சிலிண்டர் இன்ஜினின் பழைய ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே நுழைவழி. சூடான புகை வெளியேறுவதும் அதே பக்கம். மாமா தாமே வார்த்த ஹெட்டில் பன்னிரண்டு துளைகள், நுழைய ஆறு, வெளியேற ஆறு, ஒவ்வொரு வால்வுக்கும் தனி வழி. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அதை அவர் எனக்காகத்தான் வார்த்தார் என்று ஊரில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மையா?

ஆகஸ்டில் யூட்டா உப்பு வெளிக்குப் போகிறேன். வண்டியின் பக்கவாட்டில் 'ஓரின் ப்ரூயிட்' என்று எழுதி, இருநூறைத் தாண்ட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கார்லண்ட்


மில்பரோ
20 மே 1955

கார்லண்டு,

உண்மைதான். உனக்காகத்தான் வார்த்தாரு. "அந்தக் கழுதை என்னைக்காவது வருவான்"னு சொல்லிக்கிட்டேதான் தேச்சாரு.

தானியக் கிடங்கு ஓரமா ஒரு பச்சை வண்டி நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டு ஹேட்டி அன்னைக்கே சொன்னா. நான்தான், "எவனோ கோதுமை விலை கேக்க வந்திருப்பான்"னேன். வந்து ஒரு பாட்டம் அழுதிருக்கலாமேடா.

வழி வழின்னு நீ எழுதினியே, அதை உன் மாமா எனக்கு எப்பவோ சொல்லிட்டாரு, நான் ஆறாங் கிளாஸ் படிச்சவளா இருந்தாலும். நம்ம பழைய கோயில்ல ஒரே கதவு இருந்துச்சே, ஈஸ்டர் அன்னைக்குக் காலை ஆராதனை முடிஞ்சு வெளிய வர்றவங்களும், அடுத்த ஆராதனைக்கு உள்ள போறவங்களும் முட்டிக்கிட்டு, திருமதி லூமிஸோட தொப்பியே நசுங்கிப் போச்சு. புதுக் கோயில்ல கிழக்கால உள்ள, மேற்கால வெளிய. ஒருத்தர் மேல ஒருத்தர் படாம அத்தனை பேரும் நிமிஷத்துல மாறிடுறாங்க. "அதுதான் அல்மீடா என் ஹெட்டு"ன்னாரு. "இன்னும் பழைய இன்ஜின்ல பாத்தா, வால்வு ரெண்டும் பக்கத்துல உக்காந்திருக்கும், காத்து மேல ஏறிக் குப்புறத் திரும்பி எறங்கணும், அது நிலவறைக்கு நிலக்கரி கொட்டுற பொந்து வழியா கோயிலுக்குள்ள போற மாதிரி"ன்னாரு. நான் சிரிச்சுட்டேன்.

இப்ப நான் சொல்றதை நீ சிரிக்காம படி.

அது ஊதுது. அவரு போனப்புறமும். மோட்டாரெல்லாம் அன்னைக்கே நிறுத்தியாச்சு. தெற்குக் காத்து அடிச்சா ஷெட்டுச் சந்து வழியா வந்து ஹெட்டுல பட்டு அஞ்சு போர்ட்டும் ஒரே மாதிரி 'ம்ம்'ங்குது. அது பரவாயில்ல, காலி பாட்டில் கூட அப்படித்தான் ஊதும். ஆனா விடியக்காலையில, குளிரு இருக்குறப்ப, ஆறாவது மட்டும் ரெண்டு சத்தமா வரும். தாழ ஒண்ணு, மேல ஒண்ணு. வெயில் ஏறினா நின்னுரும். மதியத்துல எவ்வளவு காத்தடிச்சாலும் அந்த மேல் சத்தம் வராது.

மூணு தடவை காபி ஊத்திட்டேன் கார்லண்டு. கதவைத் திறந்து படி எறங்கினப்புறம்தான் ஞாபகம் வருது. ஒரு தடவை ஷெட்டு வரைக்கும் போயிட்டேன். முக்காலி, சுவரோரமா நான் நகத்தி வச்சது, ஹெட்டுக்குப் பக்கத்துல கெடந்துச்சு. நானே நகத்தியிருப்பேன். நானாத்தான் இருக்கும்.

அனுப்புறேன். இங்க வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் இல்ல. ஆனா ஒரு சத்தியம் பண்ணு. அவரு கை பட்ட வழிக்குள்ள உன் கல்லு, உன் உப்புத்தாள், உன் விரல்கூடப் போகக் கூடாது. எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியே ஓட்டணும். ஞாயித்துக்கிழமை ஓட்டக் கூடாது.

பெட்டிக்குள்ள வைக்கோல்ல ரெண்டு பாட்டில் ப்ளம் ஜாம் இருக்கு. கெடாம இருக்க மேல உருக்கி ஊத்தின மெழுகை எடுத்துட்டுத் தின்னு. ஒம்பது வயசுல மெழுகோட தின்னுட்டு "அத்தை, ஜாம்ல தோலு இருக்கு"ன்னவன்தானே நீ.

அத்தை


பேக்கர்ஸ்ஃபீல்ட்
27 ஜூன் 1955

அன்புள்ள அத்தை,

ஹெட் பத்திரமாக வந்தது. ஜாமும். மெழுகை இந்த முறை எடுத்துவிட்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன். எங்கள் பட்டறையில் கர்ட்டிஸ் என்று ஒருவர் இருக்கிறார். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்க்க வந்தவரிடம், "கையை எடுங்க, அத்தை பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். "எங்கேர்ந்து?" என்றார். "கான்சாஸ்லேர்ந்து." இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

எங்கள் அளவுப் பெட்டியில் வைத்தோம். ஐந்து போர்ட்களும் நூலிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவு காட்டின. கையால் தேய்த்த ஒரு மனிதர் அப்படிச் செய்ததை நான் பார்த்ததில்லை. ஆறாவது, மற்ற ஐந்தையும் விடக் கூடுதலாகக் காட்டியது. விடியற்காலையில் நூற்றுக்கு நான்கு பங்கு கூட, மதியம் ஒரு பங்கு கூட. "நேரத்துக்கு ஏத்த மாதிரி மாறுதே, நம்ம பெட்டிக்குத்தான் பைத்தியம்" என்றார் கர்ட்டிஸ். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா கடைசியாகக் கை வைத்தது அந்த ஆறாவதில்தான். கடைசியில் அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார், அதைச் சொல்வதற்குள் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் பயம் தெரிந்ததால் இதையும் எழுதுகிறேன். ஹெட்டுக்குள் போர்ட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது. போர்ட்டைத் தேய்க்கும்போது சுவர் மெலிந்து அந்த அறைக்குள் ஓட்டை விழுந்தால் ஆபத்து. போன வருஷம் உப்பில் ஒருவனுக்கு அப்படித்தான். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி, முழு வேகத்தில் இன்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டது. ஒன்பது முறை உருண்டான். அவன் உடலை அடையாளம் காட்ட அவன் மனைவியை நான்தான் கூட்டிப் போனேன். அதனால் தண்ணீர் அறையை நிரப்பி ஓர் இரவு முழுக்க வைத்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

இன்ஜினில் பூட்டி அரை நிமிஷம் ஓட்டினோம். ஆல்கஹால் எரிபொருள், தெரிந்தால் திட்டுவீர்கள். அது உள்ளே போகும்போது நுழைவழியை அப்படியே குளிர வைக்கும். வெளியே நூறு டிகிரி வெயில், போர்ட்டுகளின் மேல் வெண்பனி பூத்திருந்தது. ஆறாவதின் பனியில் விரல் அழுத்தியது போல ஓர் உருண்டைத் தடம் மட்டும் இருந்தது. யாரும் தொடவில்லை.

கார்லண்ட்


மில்பரோ
10 ஜூலை 1955

கார்லண்டு,

சாராயம் குடிக்கிற வண்டிக்கு உன் மாமா பேரை எழுதியிருக்கே. சாராயத்தைத் தொடாத மெத்தடிஸ்ட்டு பேருடா அது. போகட்டும், ஆண்டவர் மனசு தெரிஞ்சவரு.

அந்தத் தடம் பத்திக் கேக்கணும். கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா? அவருக்கு வலது கட்டைவிரல் நுனி இல்லைங்குறது உனக்குத் தெரியும்ல.

ஷெட்டு அடங்கிப் போச்சு. காத்து வருது, போகுது, எதுவும் பேசலை. நீ கொண்டு போனப்புறம் நல்லாத் தூங்குவேன்னு நெனைச்சேன். விடியக்காலம் நாலரைக்கு முழிச்சுக்கிட்டு, கூப்பிடாம இருக்குறதையே கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்.

அங்க கூப்பிடுதா?
அத்தை


வெண்டோவர், யூட்டா
20 ஆகஸ்ட் 1955

அன்புள்ள அத்தை,

கட்டைவிரல். நுனி இல்லை. அன்றைக்கு எழுதத் தைரியம் வரவில்லை.

பேக்கர்ஸ்ஃபீல்டில் அது ஒரு நாளும் ஊதவில்லை. அங்கே வெயில் மட்டும்தான். இங்கே வந்த பிறகு ஊதுகிறது.

உப்பு வெளியை நீங்கள் பார்த்ததில்லை. கண் எட்டும் வரை வெள்ளை, ஒரு புல் இல்லை, ஒரு பறவை இல்லை. தூரத்து மலைகள் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருக்கும். பகலெல்லாம் கொதிக்கும். விடியும்போது கோட்டு போடாமல் நிற்க முடியாது. நேற்று விடியற்காலை வண்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தோம், இன்ஜின் ஓடவில்லை. காற்று லேசாக வந்தது. முதலில் தாழ ஒன்று, பிறகு மேலே ஒன்று.

கர்ட்டிஸ் திரும்பிப் பார்த்து, "யாருப்பா விசில் அடிக்கிறது?" என்றார். பக்கத்துக் கூடாரத்தில் காபி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எதுவும் கேட்காமல் ஒரு கோப்பையை ஊற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வண்டிப் பக்கம் வந்தார். வந்து நின்று, கோப்பையையும் என்னையும் பார்த்தார். "எதுக்குக் கொண்டாந்தேன்னு தெரியலையே" என்றார். அவருக்கு மாமாவையும் தெரியாது, உங்களையும் தெரியாது.

கோப்பையை வாங்கி ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இதுவரை அரை நிமிஷ ஓட்டம்தான், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆனதில்லை. வியாழன் காலை ஏழு மணிக்கு என் முறை. ஐந்து மைல், முழுத் திறப்பு. அங்கேதான் இன்ஜின் தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு வரும், அங்கேதான் ஹெட்டின் உண்மை தெரியும்.

மாமா என்னை வா என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? இருபத்தாறு வருஷம் அந்த விசிலைக் கேட்டவர் நீங்கள். ஒரே ஒரு வார்த்தை தந்தி அடியுங்கள். ஓட்டு என்றால் ஓட்டுகிறேன். நிறுத்து என்றால், மூன்று வருஷ உழைப்பானாலும், இறக்கிவிட்டு ஊருக்கு வந்து உங்கள் கையால் காபி குடிக்கிறேன். நீங்கள் சொல்வதை எதிர்த்து நான் எதுவும் கேட்க மாட்டேன். அவரிடம் ஒருமுறை எதிர்த்துப் பேசினது போதும்.

கார்லண்ட்


மில்பரோ
24 ஆகஸ்ட் 1955, புதன்

கார்லண்டு கண்ணு,

தந்தி இந்நேரம் உன் கையில இருக்கும். 'ஓட்டு'. காலையில முதல் வேலையா ஸ்டேஷனுக்கு எட்டு மைல் ஹேட்டி வண்டியில போய் அடிச்சுட்டு வந்தேன். தந்தி ஜன்னலைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிருவாங்க, அப்புறம் நாளைக்கு எட்டு மணிக்குத்தான் திறப்பாங்க, அதுக்குள்ள நீ ஓடியே முடிச்சிருப்பேன்னுதான் அவசரமாப் போனேன். தந்தி அடிக்கிற க்ளீட்டஸ், "ஒரே வார்த்தையா? பத்து வார்த்தை வரைக்கும் ஒரே ரேட்டுதான் அல்மீடா, உனக்கா பேச்சுக்குப் பஞ்சம்?"ங்குறான். "என் மருமகன் ஒண்ணுதான் கேட்டான்"னேன். இப்ப வீட்டுல உக்காந்து மிச்ச ஒம்பது வார்த்தையையும் எழுதுறேன்.

நான் சும்மா சொல்லலை. ரெண்டு ராத்திரி முழங்கால்ல நின்னேன். "ஆண்டவரே, பிள்ளை ஓட்டலாம்னா விடியுறதுக்குள்ள தெற்குக் காத்தை அனுப்பும்"னு கேட்டேன். வந்துச்சு. ஆகஸ்ட் மாசம் கான்சாஸ்ல தெற்குக் காத்து வராத நாளு எதுன்னு நீ கேப்பே. உன் மாமாவும் அப்படித்தான் கேப்பாரு. ஜெபக் கூட்டத்துல பெண்கள் பதினோரு பேரும் கை தூக்கினாங்க, ஓட்டட்டும்னு.

அவரு ஒரு நாளும் வேணாம்னு சொல்றதுக்கு விசில் அடிச்சதில்லடா. வான்னு சொல்றதுக்குத்தான் அடிப்பாரு. பாக்க வா, இங்க ஒண்ணு இருக்கு, வந்து பாருன்னு. காபின்னு நான் வச்சுக்கிட்டேன். அதனாலதான் தைரியமா அடிச்சேன் தந்தியை. உன்னைக் கூப்பிடுறாரு. மூணு வருஷத்துக் கோபம் தீந்து போச்சு.

இங்க மதியத்துலேர்ந்து ப்ளம் கிண்டிக்கிட்டு இருக்கேன். பதினாலு பாட்டில். நீ ஜெயிச்சு வர்றப்ப எடுத்துட்டுப் போக. அடுப்புச் சூட்டுல கை வேர்த்து எழுத்தெல்லாம் வழுக்குது, மணி அஞ்சேமுக்கால் ஆச்சு, இன்னும் பாட்டிலுக்கு மெழுகு உருக்கி ஊத்தலை. இப்பத்தான் மெழுகுக் கட்டியை எடுத்தேன், போன வருஷ மிச்சம், அலமாரியில அப்படியே இருந்துச்சு. ஒரு மூலையைக் கத்தியால வெட்டி எடுத்திருக்கு, நேரா, சுத்தமா. எனக்கு இப்படி வெட்ட வராது. நான் கையாலதான் ஒடைப்பேன். யாரு வெட்டினதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், இப்பத்தான் ஞாபகம் வருது கார்லண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில, ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அவருதான் சமையல்கட்டுல நின்னு பேனாக் கத்தியால வெட்டினாரு. "ஜாம் மெழுகு எதுக்கு உங்களுக்கு?"ன்னு கேட்டேன். "ஆறாவதுல சுவரு ஓட்டை விழுந்துருச்சு, தண்ணி அறை வரைக்கும். காத்து அளந்து முடிக்கிற வரைக்கும் இதை வச்சு அடைச்சுக்கிறேன், மத்தியானம் வெல்டு வச்சிடுறேன்"னாரு.